வழுக்கும் கிளட்ச், விழாத கியர், உதறும் வண்டி: சாலைக்கும் கால் மைல் ஓட்டத்துக்கும் ஒரே காரை வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் பட்டறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் மருந்துச் சீட்டைத் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். “அண்ணா, ஆறு பக் செராமிக் கிளட்ச் போட வேண்டும்.” சரி தம்பி, கார் என்ன செய்கிறது என்று கேட்டால், அந்தக் கதை அப்புறம்தான் வரும். திங்கள் முதல் வெள்ளி வரை கோவை அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் மைல் ஓட்டத்துக்கு (நேர்கோட்டில் நேரம் பார்த்து ஓடும் டிராக் பந்தயம்) போகிற மேனுவல் கார்கள்தான் என்னிடம் அதிகம். ரீமேப் செய்த (எஞ்சின் மென்பொருளை மாற்றி வலுக் கூட்டிய) டீசல் ஹாட்ச்பேக், டர்போ பெட்ரோல் செடான், இப்படி. கிளட்சே மாற்றாமல் திருப்பி அனுப்பிய கார்கள் அவற்றில் நிறைய. தரையில் கிடந்த கால் மிதி விரிப்பை எடுத்துப் போட்டதும் சரியான கார்கூட உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே எந்த கிளட்ச் நல்லது என்று இங்கே தொடங்கவில்லை. கார் காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கியர்பாக்ஸை இறக்கவைக்கும் காரணம் கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். வண்டிக்கு அடியில் படுப்பதென்றால் ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுங்கள்.

அறிகுறி 1: எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை

வழுக்குவது கிளட்ச்தானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கூட ஒருவரை உட்காரவைத்து, மீட்டர் தெரியும்படி கைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். காலியான சாலையில் நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போய், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். கியர் மாறாதவரை வேகமும் ஆர்பிஎம்மும் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) ஒரே விகிதத்தில்தான் ஏற முடியும். 50-ல் 1,800 காட்டிய எஞ்சின் 75-ல் 2,700 காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 75-ல் 3,200 என்றிருந்தால் அந்த 500 சுற்றும் கிளட்சில் சூடாகிக் கரைகிறது. விகிதம் மாறவில்லை, ஆனாலும் வண்டி சோம்புகிறது என்றால் கிளட்ச் மேல் குற்றமில்லை. டர்போ குழாய் கிளிப்பையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, நான்காவது கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்ப்பது பழைய முறை. அடியோடு தேய்ந்த கிளட்சை அது காட்டிக்கொடுக்கும். முழு டார்க்கில் (எஞ்சினின் முறுக்கு விசை) மட்டும் வழுக்கும் கிளட்ச் அந்தத் தேர்வில் தேறிவிடும். அதனால் எனக்கு வீடியோதான்.

1-அ. எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை, ஆனாலும் வழுக்குகிறது

கேபிள் கிளட்ச் என்றால் பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு வருவதற்கு முன் சிறிது தூரம் சும்மா போக வேண்டும். அந்தத் தூரம் எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். கிளட்ச் பிளேட்டில் உரசும் பட்டையான லைனிங் தேயத் தேய அது குறைந்துகொண்டே வரும். பூஜ்யமாகிவிட்டால் நீங்கள் காலை எடுத்தாலும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. ஒரு ஸ்பானரில் முடியும் வேலை இது.

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் திரவம் தள்ளுவது) என்றால் இன்னொரு சோதனை. வழுக்கும் வண்டியை ஓரங்கட்டி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடிங் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு கணம் திறந்து மூடுங்கள். காலே வைக்காத பெடலில் திரவம் அழுத்தத்தோடு பீய்ச்சினால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பவில்லை என்று பொருள். அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு அதிக நீளமாகத் திருகப்பட்டிருக்கும், அல்லது பெடல் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். கிளட்ச் பிளேட் பிழைத்தது.

இரண்டும் இல்லையென்றால் எண்ணெய். கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடிப்பக்க ஓட்டையில் ஒரு வெள்ளைத் துணியைச் செருகி எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, எஞ்சின் ஆயில் வாடையுடன் இருந்தால் ஒழுகுவது கிராங்க் பின்சீல் (எஞ்சின் பின்முனையின் எண்ணெய்த் தடுப்பு வளையம்). முகர்ந்ததும் மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக நெடி என்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். நீர்த்த, பிசுபிசுப்பான திரவம் என்றால் உள்ளே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது. மூன்றில் எதுவானாலும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், வேறு வழியில்லை.

செராமிக் கேட்டு வந்த ஒரு வெள்ளை டீசல் கார் நினைவுக்கு வருகிறது. இறக்கிப் பார்த்தால் லைனிங்கில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. ஆனால் அதன் நிறம் மழையில் நனைந்த சிலேட்டுப் பலகைபோல் இருந்தது. நகத்தால் கீறினேன், நகத்தின் இடுக்கில் கறுப்புப் பசை ஏறிக்கொண்டது. அந்தக் காரில் எந்த கிளட்சைப் போட்டிருந்தாலும் அந்தச் சீல் இரண்டே மாதத்தில் அதையும் குளிப்பாட்டியிருக்கும்.

1-ஆ. ரீமேப் செய்த பிறகு வழுக்குகிறது

ஸ்விஃப்ட் டீசலின் 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கொடுத்த டார்க் 190 நியூட்டன் மீட்டர். ரீமேப்பில் அது 25 சதவீதம் ஏறினால் 237. புதிய கிளட்சில் நிறுவனம் ஓரளவு கூடுதல் பிடிப்பு வைத்துத்தான் அனுப்புகிறது. ஆனால் 60,000 கி.மீ. ஓடிய கிளட்சில் அந்தக் கையிருப்பு கரைந்திருக்கும்.

செலவு குறைந்த மருந்து கிளட்சில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. டீசலில் வழுக்கல் பெரும்பாலும் 1,800 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் வருகிறது. டர்போ திடுமென்று மொத்த டார்க்கையும் தலையில் கொட்டும் இடம் அதுதான். ரீமேப் செய்தவரிடமே போய், அந்த இடத்தில் டார்க்கைக் குறைத்து, மேலே போகப் போக ஏறும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். கால் மைல் ஓட்டத்தில் நீங்கள் 2,000-ல் நேரம் கழிப்பதே இல்லை. நேரப் பலகையில் வித்தியாசம் தெரியாது, கிளட்சுக்கு ஆயுள் கூடும்.

அதற்கு மேலும் வழுக்கினால் மாற்ற வேண்டியதுதான். இப்போது கேட்கலாம், எந்த கிளட்ச் என்று.

ஸ்டேஜ் 1, 2, 3 என்ற எண்களை நம்பாதீர்கள். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது; ஒரு தயாரிப்பாளரின் ஸ்டேஜ் 2 இன்னொருவரின் ஸ்டேஜ் 3. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த கிளட்ச் எத்தனை நியூட்டன் மீட்டர் வரை பிடிக்கும்? அந்த எண்ணை எஞ்சினின் டார்க்கோடு ஒப்பிடுங்கள். டைனோவில் (டார்க்கை அளக்கும் பொறி) கிடைத்த எண் சக்கரத்தில் அளந்தது என்றால் எஞ்சினில் அதைவிட அதிகம் இருக்கும். இந்த ஒரு குழப்பத்தில் தவறான கிளட்ச் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாலை டயரோடு ஓடும் காருக்கு எஞ்சின் டார்க்கைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகப் பிடிப்பு இருந்தால் போதும் என்பது என் கணக்கு. இரு மடங்கு வாங்கிவைப்பது பெருமைக்கு உதவும்.

பிடிப்பைக் கூட்ட வழிகள் மூன்று. லைனிங் பொருளை மாற்றலாம், கிளட்ச் பிளேட்டை எஞ்சினின் சுழல் சக்கரமான ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தைக் கூட்டலாம், உரசும் முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார் என்றால் நான் முதலில் தொடுவது பிரஷர் பிளேட்டைத்தான். அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட், அதோடு நல்ல தரமான ஆர்கானிக் லைனிங் (சாதாரண கார்களில் வரும் வகை), நடுவே ஸ்பிரிங் வைத்த பிளேட். பெடல் சற்றுக் கெட்டியாகும். ஆனால் சிக்னலில் கார் குதிக்காது, மாமியாரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டலாம். மிதமாக ரீமேப் செய்த காருக்கு இதுவே போதும்.

செராமிக் பக் என்பது வட்டம் முழுதும் லைனிங் இல்லாமல் நான்கு அல்லது ஆறு துண்டுகள் மட்டும் வைத்த பிளேட். அது சூட்டைத் தாங்கும், உண்மை. ஆனால் அதற்கு இரண்டே நிலை: பிடித்திருக்கும், அல்லது விட்டிருக்கும். அரை கிளட்ச் என்ற இடமே அதில் தேடினாலும் அகப்படாது. ஃபிளைவீலையும் அது வேகமாகத் தின்னும். வாரம் ஐந்து நாள் நெரிசலில் ஓட்டுபவருக்கு இதை மாட்டிக் கொடுத்தால் மூன்றாவது வாரம் திரும்பி வந்து நிற்பார், பெரும்பாலும் நின்றிருக்கிறார்கள்.

கெவ்லார் இழை லைனிங் மென்மையாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பழக்குவதற்கு நெடுந்தூரம் ஓட்ட வேண்டும்; ஒருமுறை அதிகச் சூடு கண்டு பளபளத்துவிட்டால் பழைய பிடிப்பு திரும்பாது. ஸ்டார்ட் லைனில் சூடாகப்போகும் காருக்கு நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இரட்டை பிளேட் கிளட்சில் உரசும் முகங்கள் இரண்டுக்குப் பதில் நான்கு. அதே அழுத்தத்தில் இரு மடங்கு பிடிப்பு கிடைப்பதால் பெடல் கெட்டியாகாது, லைனிங்கும் ஆர்கானிக்காகவே இருக்கலாம். சாலையும் டிராக்கும் ஒன்றாக வேண்டும், டார்க்கும் மிக அதிகம் என்றால் நேர்மையான விடை இதுதான். விலைதான் தொண்டையில் நிற்கும். பெடலை மிதித்து நிற்கும்போது நடுத் தகடு கலகலவென்று ஆடும் சத்தம் இயல்பானது. பழுது என்று பயப்பட வேண்டாம்.

1-இ. சாலையில் சரி, ஸ்டார்ட் லைனில் மட்டும் வழுக்குகிறது

டயரை மாற்றினீர்களா? சாதாரணச் சாலை டயரில் சக்கரம் முதலில் சுழன்றுவிடும். அதுவே கிளட்சுக்குப் பாதுகாப்பு வால்வு. ஒட்டும் டயரைப் போட்டதும் சக்கரம் சுழலாது, வழுக்க வேண்டியது கிளட்ச் ஒன்றுதான். போன மாதம் வரை போதுமாக இருந்த அதே கிளட்ச் இந்த மாதம் போதாமல் போவது இதனால்தான்.

டயர் மாறவில்லை என்றால் எத்தனையாவது ஓட்டத்தில் வழுக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் ஓட்டம் நன்றாக இருந்து மூன்றாவது கெட்டால் அது சூடு. ஓடி முடித்ததும் பெடலை மிதித்தபடி வரிசையில் நிற்காமல், உயர் கியரில் காலை முழுதாக எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பி வாருங்கள். காற்று பட்டு ஆறும். இருபது நிமிடம் விட்டு அடுத்த ஓட்டம். முதல் ஓட்டத்திலேயே வழுக்கினால் 5,500-ல் கிளட்சை விடும் பழக்கத்தை 3,500-க்கு இறக்கிப் பாருங்கள். அதுவும் உதவவில்லை என்றால் 1-ஆ பகுதிக்குத் திரும்பி, மூன்றில் ஒரு பங்கு என்று சொன்ன இடத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1-ஈ. புதிதாகப் போட்ட கிளட்சே வழுக்குகிறது

எத்தனை கி.மீ. ஓட்டினீர்கள்? ஆர்கானிக் லைனிங்கை ஊருக்குள் நின்று நின்று ஓட்டி சுமார் 800 கி.மீ. பழக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் 800 ஓடினால் அது கணக்கில் சேராது. சனிக்கிழமை மாட்டி ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்குப் போனவருடைய பிளேட் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு திரும்பியது.

பழக்கிய பிறகும் வழுக்கினால் லேத் வேலையைச் சந்தேகியுங்கள். சில ஃபிளைவீல்களில் பிளேட் உரசும் முகமும் பிரஷர் பிளேட் போல்ட் முகமும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். உரசும் முகத்தில் 0.3 மி.மீ. சீவினால் போல்ட் முகத்திலும் அதே 0.3 சீவ வேண்டும். ஒன்றை மட்டும் சீவினால் அழுத்தம் குறைந்து, எவ்வளவு விலை கொடுத்த கிளட்சும் வழுக்கும். இதைக் கேட்டாலே சில லேத் பட்டறைகளில் கோபம் வரும், கேளுங்கள்.

அறிகுறி 2: கியர் விழவில்லை, அல்லது கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுகிறது

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்து, ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓடும்போது இரண்டாவது கியர் மட்டும் அரைத்தால் அது கியர்பாக்ஸ் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துவைக்கும் வளையம்). கிளட்சை மாற்றிப் பயனில்லை.

2-அ. எப்போதும் அரைக்கிறது

முதலில் சொன்ன கால் மிதிக் கதை இங்கேதான். கியரே விழவில்லை என்று கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வண்டியோடு வந்த மிதியின் மேல் ஒரு கனமான ரப்பர் மிதி, அதன் மேல் புதிதாக வாங்கிய இன்னொன்று. மூன்றும் சேர்ந்து பெடலின் கடைசி இரண்டு விரற்கடைத் தூரத்தை விழுங்கியிருந்தன. மேலே கிடந்த இரண்டையும் எடுத்துப் பின்சீட்டில் போட்டேன். கியர் விழுந்தது. காசு வாங்கவில்லை; டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்தது திரவம். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். கிளட்சுக்குப் போகும் குழாய் மேலே இருப்பதால், மட்டம் இறங்கினால் முதலில் சாவது கிளட்ச். அதைப் பிரேக் திரவம் குறைந்ததற்கான எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு எந்த டாட் எண் (திரவ வகை) என்று மூடியிலேயே எழுதியிருக்கும். காபி நிறத்துக்கு வந்திருந்தால் முழுதும் மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள்.

பிறகு அளந்துபாருங்கள். ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கும் வண்டி என்றால், ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் அதன் புஷ்ராடு எவ்வளவு நகர்கிறது என்று வெர்னியரில் பார்க்கலாம். நான் முதலில் அது நகரும் தூரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். காற்றை எடுப்பதற்கு முன் ஒரு கோடு, எடுத்த பின் ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் மூன்று மி.மீ. கிடைத்தால் அந்த மூன்று மி.மீ.தான் உங்கள் பழுது. கோடு நகரவே இல்லை, நகர்வும் புத்தக அளவுக்குச் சரி என்றால் உள்ளே கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க் வளைந்திருக்கலாம். அதற்குமேல் பட்டறை வேலை.

2-ஆ. நிற்கும்போது சரி, 6,000-க்கு மேல் மட்டும் விழவில்லை

டிராக் கார்களின் நோய் இது. பழைய ரப்பர் குழாய் அழுத்தத்தில் ஊதிக்கொள்ளும். பெடலில் நீங்கள் கொடுக்கும் தூரத்தில் ஒரு பகுதி அதிலேயே முடிந்துவிடும். பின்னல் கம்பி போர்த்திய குழாய்க்கு மாறுங்கள். அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் போட்ட பிறகு இது தொடங்கியிருந்தால், பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பொருத்திய தகடே முன்னால் வளைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்தால் அதற்கு ஒரு தாங்கு தகடு.

தூரம் போதவில்லை என்று பெரிய மாஸ்டர் சிலிண்டரை மாட்டுவது மறுபக்கத் தவறு. பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்களை அளவுக்கு மேல் தள்ளினால் அவை பிளேட்டில் முட்டும், வளைந்தும் போகும். மாட்டினால் பெடலுக்கு அடியில் ஒரு தடுப்புப் போல்ட்டும் வையுங்கள்.

2-இ. புது கிளட்ச் மாட்டியதும் விழவில்லை

பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. பாதி நேரம் இதுதான், சொல்லத் தயங்குவார்கள். அல்லது கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் கனத்தை பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டு பிளேட் வளைந்திருக்கும். இரண்டுக்கும் மீண்டும் இறக்குவதைத் தவிர மருந்தில்லை, மாட்டியவரிடமே கொண்டுபோங்கள்.

2-ஈ. பல மாதம் நிறுத்திவைத்த கார்

மழைக்காலம் முழுதும் கொட்டகையில் நின்ற காரில் பிளேட் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, முன்னால் ஆளில்லாத திறந்த மைதானத்தில், இரண்டாவது கியர் போட்டு, பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம். சந்துக்குள் இதைச் செய்யவே வேண்டாம்.

அறிகுறி 3: புறப்படும்போது உதறுகிறது

செராமிக் போட்டிருக்கிறீர்கள் என்றால் இது பழுதில்லை, சுபாவம். ஆர்கானிக் பிளேட்டில் இரண்டு லைனிங்குகளுக்கும் நடுவே அலையலையாக மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும். அதுதான் பிடிப்பை மெத்தையாக்குகிறது. பக் பிளேட்டில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. 1,200-ல் விடுவதை 1,800-ல் விட்டால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆர்கானிக்காக இருந்தும் உதறினால் எஞ்சின் மவுண்டிலிருந்து தொடங்குங்கள். பானெட்டைத் திறந்து, கைப்பிரேக்கோடு கால்பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, ஒருவர் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சமே விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னால் நிற்காதீர்கள். எஞ்சின் எழுந்து உட்கார்ந்தால் மவுண்ட் போயிற்று.

மவுண்ட் சரி, குளிரில் உதறாமல் சூடானதும் உதறுகிறது என்றால் ஃபிளைவீல் முகத்தில் நீலப் புள்ளிகள் விழுந்திருக்கும். அந்த இடங்கள் கடினமாகிவிட்டன. லேத்தில் சீவினாலும் ஆழத்தில் கடினம் மிச்சமிருந்தால் திரும்ப வரும். காலையில் முதல் இரண்டு முறை மட்டும் உதறிவிட்டுச் சரியானால் ஈரம், விட்டுவிடுங்கள்.

டூயல் மாஸ் ஃபிளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) உள்ள டீசல்களில் அது தேய்ந்தால், எஞ்சினை அணைக்கும்போது டமடமவென்று ஓர் உலுக்கல் வரும். அதன் ஆட்ட அளவை அளப்பது பட்டறை வேலை, லேத்தில் சீவ முடியாது, மாற்றுவது கிளட்சைவிட விலை கூடியது. ஒற்றை ஃபிளைவீலாக மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. டிராக்கில் உறுதியானது, ஆனால் நியூட்ரலில் கியர்பாக்ஸ் சோளப்பொரி பொரிக்கும். தினமும் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி 4: சத்தம்

நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது கேட்டு, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் பிரஷர் பிளேட்டைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இரண்டும் கியர்பாக்ஸை இறக்கினால்தான். ரிலீஸ் பேரிங் சத்தத்தோடு சில காலம் ஓட்டலாம். இன்புட் பேரிங் சத்தத்தோடு டிராக்குக்குப் போகாதீர்கள். பெடலில் மட்டும் கீச்சென்றால் புஷ்ஷில் ஒரு சொட்டு க்ரீஸ்.

அறிகுறி 5: பெடல் கெட்டி, அல்லது பெடல் கீழேயே நிற்கிறது

நாளாக நாளாகக் கெட்டியாகி, பிடிக்கும் இடமும் மேலே ஏறிக்கொண்டே போனால் லைனிங் முடியப்போகிறது. திடீரென்று கெட்டியானால் கேபிளின் உள்கம்பி இழை பிரிந்திருக்கும். பெடல் எழாமல் கீழேயே கிடந்தால் திரவக் கசிவு. பெடலுக்கு மேலே, காருக்குள் மாஸ்டர் சிலிண்டர் அடியில் விரலைவிட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப்பாருங்கள். ஓட்டம் முடிந்து சூட்டில் மட்டும் பெடல் சொதசொதவென்று போய், ஆறியதும் திரும்பினால் திரவம் கொதித்திருக்கிறது. மாற்றுங்கள்.

கெட்டியான பிரஷர் பிளேட் போட்டவர்கள் இதையும் பார்க்க வேண்டும். நீங்கள் பெடலை மிதித்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கம் தள்ளப்படுகிறது. தாங்குவது மெல்லிய த்ரஸ்ட் பேரிங். எஞ்சின் ஓட, ஒருவர் மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் கிராங்க் புல்லியைப் பாருங்கள், கை வைக்க வேண்டாம். இயல்பான ஆட்டம் ஒரு மி.மீ.-யில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. புல்லி முன்னும் பின்னும் நகர்வது தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு எஞ்சின் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். சிக்னலிலும் வரிசையிலும் நியூட்ரலில் நிற்பதுதான் தடுப்பு.

அறிகுறி 6: கிளட்ச் பிடிக்கிறது, வேறு எதுவோ உடைகிறது

வழுக்கல் தீர்ந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டிரைவ் ஷாஃப்ட் முறிந்து வருவார்கள். வழுக்கும் கிளட்ச் இத்தனை நாள் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டிருந்தது. இனி ஆக்சில், கியர்ப் பல், டிஃபரென்ஷியல், இவற்றில் எது மெலிந்ததோ அது முறியும். இரு மடங்கு பிடிப்பு வாங்க வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம். ஆக்சில் மலிவு என்றால் அதை மாற்றுங்கள். கியர்ப் பல் உடைந்தால் அடுத்ததையும் உடைப்பதற்கு முன் கிளட்சை ஒரு படி இறக்கிப் போடுங்கள்.

ஃபிளைவீலில் மட்டும் விளையாட வேண்டாம். எடை குறைக்கிறேன் என்று வார்ப்பிரும்பு ஃபிளைவீலை லேத்தில் மெலியவைத்து ஓட்டை போட்டுக் கொண்டுவந்தால் நான் மாட்ட மாட்டேன். 7,000 சுற்றில் அது பிளந்தால் துண்டுகள் பெல் ஹவுசிங்கைக் கிழித்து உங்கள் கால் பக்கம்தான் வரும். அமெரிக்காவில் என்எச்ஆர்ஏ என்ற டிராக் பந்தய அமைப்பின் விதிப்படி கால் மைலை 11.49 நொடிக்குள் ஓடும் கார்களுக்கு, எஸ்எஃப்ஐ என்ற பாதுகாப்புத் தர அமைப்பின் சான்று பெற்ற கிளட்சும் ஃபிளைவீலும், உடைந்தால் தாங்கும் கவசமும் கட்டாயம். 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்பில் டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் காலடியில் வெடித்தது கிளட்ச் அல்ல, டிரான்ஸ்மிஷன். ஆனால் இடம் அதேதான். வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. மறு ஆண்டு அவர் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்த காரோடு திரும்பி வந்தார். நம் கார்கள் 14, 15 நொடி ஓடுகின்றன, அந்த விதி நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள், அவர்கள் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடை குறைந்த ஃபிளைவீல் வேண்டுமென்றால் எஃகில் புதிதாகச் செய்ததை வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கியாகிவிட்டது என்றால்

கூலியில் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதற்குத்தான். ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்; கிராங்க் பின்சீலையும் இன்புட் சீலையும் அதே நாளில் போட்டுவிடுங்கள். தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்த காலம் உண்டு. ஈரத்துணியால் துடைத்தால் போதும். புது பிளேட்டை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. பிளேட் சறுக்கும் ஷாஃப்ட் பற்களான ஸ்பிளைனில் க்ரீஸ் ஒரு மெல்லிய பூச்சு, அதிகமானால் லைனிங்கில் தெறிக்கும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, கடைசியில் டார்க் ரெஞ்சில்.

கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒரே சீராக, ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால் அது ஆயுள் முடிந்து இறந்தது; அதே கிளட்சையே மறுபடி வாங்கலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால் ஃபிளைவீல் முகமோ பொருத்தமோ கோணல். லைனிங் தடிப்பு மிச்சமிருந்து கண்ணாடிபோல் மின்னினால் சூடு. ஓட்டும் முறையோ பிடிப்போ போதவில்லை, 1-இ பகுதி. நடு ஸ்பிரிங் உடைந்து வெளியே வந்திருந்தால் டார்க் அதன் அளவை மீறிவிட்டது. எதைப் போட வேண்டும் என்று கேட்டு அடுத்த முறை வரும்போது அந்தப் பிளேட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.